லஸ்ஸுக்கு ஒரு பத்தடி தண்டவாளம்

(மெட்ராஸ் தினத்தையொட்டி நம் சமுதாயக் கூடத்தில் நடந்த ஞாயிறு மாலைக் கூட்டத்தில், குடியிருப்போர் ஒருவர் ஆற்றிய உரை. அன்று வர இயலாதவர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)

பார்க்கிங், தண்ணீர் லாரி, லிஃப்ட் பராமரிப்பு ஆகிய மூன்றையும் தொடாமல் நம் சங்கம் ஒரு கூட்டம் நடத்தலாம் என்று துணிந்த செயலாளருக்கு முதல் நன்றி. "டிராமைப் பற்றி அரை மணி நேரம் பேசுங்கள், அதற்குள் பஜ்ஜி தயாராகிவிடும்" என்று என்னிடம் சொன்னார். பஜ்ஜிக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

சற்று முன் இங்கே இருக்கும் பிள்ளைகளிடம் டிராமைப் பார்த்தவர்கள் யார் என்று கேட்டேன். பத்துப் பன்னிரண்டு கைகள் எழுந்தன. எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதும் பாதிப்பேர் கொல்கத்தா என்றார்கள், மீதிப்பேர் 'மதராசபட்டினம்' படத்தில் என்றார்கள். 2010இல் வந்த அந்தப் படத்துக்காகச் செய்த டிராம்தான் இன்றைக்கு நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரிந்த சென்னை டிராம். உண்மையான பெட்டி ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டால், கூட்டிப்போய்க் காட்ட இந்த நகரத்தில் ஓர் அருங்காட்சியகம் இல்லை. நான் பேச வந்தது இந்த இல்லாமையைப் பற்றித்தான். இதில் நாம் செய்யக்கூடியது கொஞ்சம் இருக்கிறது. அதற்கு நேரம் குறைவாக இருக்கிறது.

லண்டனுக்கு முன்னால் நாம்

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். 1895ஆம் ஆண்டு மே 7ஆம் தேதி சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. இந்தியாவிலேயே முதல் மின்சார டிராம் அதுதான். கல்கத்தாவில் 1873இலேயே குதிரை இழுக்கும் டிராம் வந்துவிட்டது. பம்பாயில் 1874இல் வந்தது. ஆனால் கல்கத்தா டிராமுக்கு மின்சாரம் வந்தது 1902இல், பம்பாய்க்கு 1907இல். லண்டன் மாநகரத்திலேயே மின்சார டிராம் சேவை 1901இல்தான் தொடங்கியது. வீடுகளில் எண்ணெய் விளக்கும் தெருக்களில் பழைய விளக்குகளும் எரிந்துகொண்டிருந்த ஊரில், குதிரையும் இல்லாமல் புகையும் இல்லாமல் ஒரு வண்டி தானாக நகர்ந்தது என்றால் ஜனங்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் பொது மின்விநியோகம் வந்தது அடுத்த நூற்றாண்டில்தான். நம் ஊரில் மின்சாரம் வீட்டுக்குள் வரும் முன்பே தெருவில் ஓடியது.

ஆரம்பத்தில் இந்த டிராமுக்குத் தலைக்கு மேல் கம்பி கிடையாது. இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே சாலையில் ஒரு நீளமான பிளவு இருக்கும். அதற்குக் கீழே ஒரு கால்வாய். அந்தக் கால்வாய்க்குள் மின்சாரம் ஓடும் இரும்பு. பெட்டியின் அடியிலிருந்து ஒரு கை அந்தப் பிளவு வழியாக இறங்கி மின்சாரத்தை எடுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு அழகு, தெருவில் கம்பம் இல்லை, கம்பி இல்லை.

எங்கே தப்பு நடந்திருக்கும் என்று இந்த அறையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் பேஸ்மென்ட்டில் ஒவ்வொரு நவம்பரிலும் நடப்பதுதான். ஐப்பசி மழை கொட்டியதும் கால்வாய்க்குள் தண்ணீர் போனது. தண்ணீர் போன இடத்தில் மின்சாரம் என்ன ஆகும்? வண்டி நிற்கும். இங்கிலாந்தில் பிளாக்பூல் என்ற கடற்கரை ஊரில் 1885இல் இதே முறையில் டிராம் விட்டார்கள். அங்கே கடல்நீரும் மணலும் உள்ளே போய் அதே தொல்லை. 1899இல் அவர்கள் மேலே கம்பிக்கு மாறினார்கள். சென்னையும் சில ஆண்டுகளில் மேல்கம்பிக்கு மாறியது. கால்வாய் கட்டிய முதலீடு மண்ணுக்குள் போனது. 1904ஆம் ஆண்டைத் தன் பெயரிலேயே வைத்துக்கொண்டு ஒரு புதிய டிராம்வே கம்பெனி நடத்த ஆரம்பித்தது. வேறொரு தட்பவெப்பத்தில் யோசித்த திட்டத்தை மெட்ராஸ் மழையிடம் காட்டினால் மழை என்ன சொல்லும் என்பதற்கு இது நம் ஊரின் பழைய பாடம்.

மேல்கம்பி வந்த பிறகு வேலை சீரானது. பெட்டியின் கூரையிலிருந்து ஒரு நீண்ட கழி கம்பியைத் தொட்டுக்கொண்டு போகும். அதன் நுனியில் ஒரு சிறு உருளை. மின்சாரம் கம்பி வழியே இறங்கி, மோட்டாரைச் சுற்றவிட்டு, சக்கரம் வழியாகத் தண்டவாளத்துக்குப் போய்த் திரும்பும். கடைசி நிறுத்தம் வந்ததும் பெட்டியைத் திருப்ப வேண்டாம், கழியைத் திருப்பினால் போதும். அதில் ஒரு கயிறு கட்டியிருக்கும். கயிற்றைப் பிடித்து இழுத்துச் சுற்றி வந்து மறுபக்கம் மாட்டுவார்கள். ஓட்டுநர் நின்றுகொண்டே ஓட்டுவார். மணியைக் காலால் அடிப்பார். 1921 வாக்கில் 97 பெட்டிகள் சுமார் 24 கிலோமீட்டர் பாதையில் ஓடின.

டிராம் வளர்த்த ஊர், ரயில் வளர்த்த ஊர்

டிராம் போன வழியைப் பார்த்தால் இந்த நகரம் வளர்ந்த வழி தெரியும். பாரிமுனைப் பக்கம் துறைமுகமும் கடைகளும் அலுவலகங்களும். 1892இல் திறந்த உயர் நீதிமன்றக் கட்டடமும் அங்கேதான். மயிலாப்பூரில் வக்கீல்கள். பெரிய வக்கீல்களிடம் குதிரை வண்டி இருந்தது, பிறகு மோட்டார் வந்தது. அவர்களுடைய குமாஸ்தாக்களுக்கும், கடைக் கணக்குப்பிள்ளைகளுக்கும், பள்ளி கல்லூரிப் பிள்ளைகளுக்கும் ராயப்பேட்டை வழியாக மயிலாப்பூருக்கு வந்த டிராம்தான் வண்டி. மாடவீதிக்குப் பக்கத்தில் வாடகைக்கு இருந்துகொண்டு மவுண்ட் ரோட்டிலோ பாரிமுனையிலோ தினம் வேலைக்குப் போய் வரலாம் என்பதை ஒரு நடுத்தரக் குடும்பம் கணக்குப் போட முடிந்தது டிராமால்தான்.

தி. நகர் கதை வேறு. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுப்பிய ஊர் அது. அங்கே டிராம் போகவில்லை. 1931 மே மாதம் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் வந்தது. மாம்பலம் நிலையம்தான் தி. நகரை நகரத்தோடு கட்டிப்போட்டது. ரங்கநாதன் தெரு ஏன் ரயில் நிலையத்தின் வாசலில் போய் முட்டுகிறது, ஏன் அத்தனை கூட்டம் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அடையாறுக்கு டிராமும் இல்லை, இந்த ரயிலும் இல்லை. அதனால்தான் அது பின்னால் பஸ்ஸோடும் காரோடும் வளர்ந்தது, அதன் தெருக்களும் அப்படியே இருக்கின்றன. மூன்று ஊர்களும் ஆட்டோவில் பதினைந்து நிமிஷ தூரத்தில்தான். ஆனால் எந்த வண்டி முதலில் வந்தது என்பதே ஒவ்வொன்றின் முகத்தையும் தீர்மானித்திருக்கிறது.

ஒரு கடைசி நாள், ஒரு பழைய இரும்புக் கடை

1953 ஏப்ரல் 12ஆம் தேதியோடு சென்னையில் டிராம் நின்றது. 58 ஆண்டுக்குச் சில வாரம் குறைவு. காரணங்கள் புதிதல்ல. பஸ்ஸோடு போட்டி, தேய்ந்த தண்டவாளம், கூடிய செலவு. கம்பெனி நஷ்டம் என்றது. ராஜாஜி முதல்வராக இருந்த காலம். அரசு எடுத்து நடத்த முன்வரவில்லை. தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். டிராம் தொழிலாளர்கள் என்பவர்கள் சென்னைத் தொழிற்சங்க வரலாற்றில் 1918, 1919 காலத்திலிருந்தே இருப்பவர்கள். டிராமை நினைத்து ஏங்குகிற நாம் பெட்டியை மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அந்தக் கழியை மழையில் நின்று திருப்பியவரையும், பெட்டி நின்ற மறுநாள் அவர் வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதையும் சேர்த்துத்தான் நினைக்க வேண்டும்.

டிராம் நின்றது எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் நீங்கள் ஆச்சரியப்படலாம். ஒரு நகரம் ஒரு வண்டியை விட்டு இன்னொன்றுக்குப் போவது இயல்பு. பம்பாய் 1964இல் நிறுத்தியது, டெல்லியும் 1960களில் நிறுத்தியது. என் வருத்தம் அடுத்து நடந்ததில். பெட்டிகள் போயின. தண்டவாளம் போயிற்று அல்லது தார் அதை மூடியது. 97 பெட்டிகள் ஓடிய ஊரில் ஒன்றே ஒன்றை ஒரு ஷெட்டில் தள்ளிப் பூட்டி வைக்கலாம் என்று பொறுப்பில் இருந்த யாருக்கும் தோன்றவில்லை. பிறகு 1997இல் பறக்கும் ரயில் திருமயிலைக்கு வரும் வரை 44 ஆண்டுகள் மயிலாப்பூருக்குத் தண்டவாளமே கிடையாது. இப்போது மெட்ரோ பூமிக்கு அடியில் வந்துகொண்டிருக்கிறது. அந்தத் தூசியைத் தினம் துடைப்பவர்கள் நாம்.

பத்து பவுண்டுக்கு ஒரு டிராம்

மற்ற ஊர்களில் டிராமைக் காப்பாற்றியவர்கள் யார் என்று தேடிப் பார்த்தேன். அரசாங்கம் என்று நினைத்தேன். பெரும்பாலும் நம்மைப் போன்ற ஆட்கள்.

அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தில் 1939இல் ஒரு சிறிய டிராம் கம்பெனி பஸ்ஸுக்கு மாறியது. சில இளைஞர்கள் சேர்ந்து அதன் 31ஆம் எண் பெட்டியை 150 டாலருக்கு வாங்கினார்கள். வைக்க இடமில்லாமல் ஒரு நிலத்தில் போட்டார்கள். அதுதான் இன்றைய சீஷோர் டிராலி மியூசியம். இங்கிலாந்தில் சவுத்தாம்ப்டன் நகரம் டிராமை ஒழித்துக்கொண்டிருந்தபோது, 1948இல் சுற்றிப் பார்க்கப் போன ஆர்வலர்கள் 45ஆம் எண் பெட்டியைப் பத்து பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். அதைத் தொடர்ந்து 1955இல் ஒரு சங்கம் அமைந்தது. 1959இல் கிரைச் என்ற கிராமத்தில் கைவிடப்பட்ட ஒரு கல் குவாரியைப் பிடித்தார்கள். வார இறுதிகளில் வந்து தாங்களே தண்டவாளம் போட்டார்கள். 1963இல் குதிரை டிராம், 1964இல் மின்சார டிராம் அங்கே ஓடியது. இன்று அது பிரிட்டனின் தேசிய டிராம் அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கினால் ஏறிப் போகலாம்.

தேதிகளைக் கவனியுங்கள். 1939, 1948, 1955. சென்னை டிராம் 1953இல் நின்றது. அதே காலம். பணம் பெரிய விஷயமாக இருக்கவில்லை. பத்துப் பேர் சேர்ந்து, "இது குப்பை இல்லை" என்று ஒரு வாரம் முன்னால் சொல்லியிருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் ஓர் உதாரணம் உண்டு. பஞ்சாபில் பாட்டியாலா சமஸ்தானத்தில் 1907 முதல் 1927 வரை ஒற்றைத் தண்டவாளத்தில் ஒரு வண்டி ஓடியது. ஒரு பக்கச் சக்கரம் தண்டவாளத்தில், இன்னொரு பக்கச் சக்கரம் சாலையில். நின்ற பிறகு பொதுப்பணித் துறையின் ஷெட் ஒன்றில் 35 ஆண்டு தூங்கியது. 1962இல் மைக் சேட்டோ என்ற ரயில் ஆர்வலர் அதைக் கண்டுபிடித்தார். அமிர்தசரஸ் ரயில்வே பணிமனை அதைச் சரிசெய்தது. 1977இல் திறந்த டெல்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்துக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள், நீராவி விட்டு ஓட்டியும் காட்டுகிறார்கள். அதைப் பிழைக்கவைத்தது என்ன? யாரோ ஒருவர் ஷெட்டைக் காலி செய்ய மறந்ததுதான். சில சமயம் சோம்பேறித்தனத்துக்கும் வரலாறு நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

கொல்கத்தாவின் எச்சரிக்கை

கொல்கத்தாவைப் பார்த்துவந்த பிள்ளைகள் எஸ்பிளனேடில் 'ஸ்மரணிகா' என்ற டிராம் அருங்காட்சியகத்துக்கும் போயிருக்கலாம். 2014இல் திறந்தது. 1938இல் செய்த ஒரு டிராமின் இரண்டு பெட்டிகள். ஒன்றில் காபி, டீ கிடைக்கும். இன்னொன்றில் பழைய டிக்கெட், நாணயம், நடத்துநரின் தொப்பி, பட்டயம், படங்கள். பெரிதாக ஒன்றும் இல்லை, நம் சமுதாயக் கூடத்தில் பாதி இருக்கும். ஆனால் உள்ளே போனவர்கள் சும்மா திரும்புவதில்லை. பெரியவர்கள் ஏதாவது பேச ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அந்த ஊரிலிருந்து ஒரு எச்சரிக்கையும் வருகிறது. 2023இல் கொல்கத்தா டிராமின் 150 ஆண்டைக் கொண்டாடினார்கள். 2024 செப்டம்பரில் மாநில அரசு, எஸ்பிளனேடிலிருந்து மைதானம் வரை பாரம்பரியச் சவாரியாக ஒரு தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப் போவதாக அறிவித்தது. டிராம் பயணிகள் சங்கத்தினர் உயர் நீதிமன்றம் வரை போராடுகிறார்கள். அவர்கள் கேட்பது நியாயமான கேள்வி: தினம் வேலைக்குப் போகிறவனை ஏற்றிச் சென்ற வண்டியை ஞாயிற்றுக்கிழமைச் சவாரியாக மாற்றிவிட்டு, பாதுகாத்துவிட்டோம் என்று சொல்லலாமா?

இதை நான் சொல்லக் காரணம் உண்டு. அருங்காட்சியகம் என்ற சொல்லைக் கேட்டதும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். ஓடும் வண்டி ஒன்று, ஓட்டிக் காட்டும் வண்டி ஒன்று, நிறுத்திவைத்த வண்டி ஒன்று. மூன்றும் வேறு வேறு. கொல்கத்தாவுக்கு முதலாவது இன்னும் கையில் இருக்கிறது, அதற்காகச் சண்டை போடுவது சரி. நமக்கு மூன்றுமே இல்லை. அதனால் நமக்கு அந்தச் சண்டையும் இல்லை. எஞ்சியிருப்பது நினைவும் காகிதமும் மட்டும்தான்.

நம்மால் முடியாததா?

"சென்னைக்கு இதெல்லாம் வராது" என்று பின்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பது கேட்கிறது. வந்திருக்கிறது, சார். பெரம்பூர் ஐ.சி.எஃப். பக்கம் 2002இல் ரயில் அருங்காட்சியகம் ஒன்று திறந்தார்கள். ஆறே கால் ஏக்கர். பழைய எஞ்சின்கள், பெட்டிகள், பிள்ளைகளுக்குக் குட்டி ரயில். நம் குடியிருப்பில் எத்தனை பேர் போயிருக்கிறோம்? மாலுக்குப் போன கணக்கைக் கேட்கவில்லை.

இன்னொன்று. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்தில் செய்த ஈ.ஐ.ஆர். 21 என்ற நீராவி எஞ்சின் நூறாண்டு காலம் அசையாமல் காட்சிப்பொருளாக நின்றது. 2010இல் பெரம்பூர் பணிமனைக்காரர்கள் அதைப் பிரித்து, வேண்டிய பாகங்களைத் தாங்களே செய்து, மறுபடி ஓடவைத்தார்கள். எழும்பூரிலிருந்து கோடம்பாக்கம் வரை அது சிறப்புச் சவாரி வந்திருக்கிறது. ஊட்டி மலை ரயிலுக்கு நீராவி எஞ்சின் தேய்ந்தபோது, திருச்சி பொன்மலைப் பணிமனையில் அதே வகை எஞ்சினைப் புதிதாகவே செய்து கொடுத்தார்கள். கைத்திறன் நம் மாநிலத்தில் இருக்கிறது. நாளைக்கு ஒரு சென்னை டிராம் பெட்டியைச் செய்து வை என்று யாராவது சொன்னால், செய்துவிடக்கூடிய கைகள் இருக்கின்றன. ஆனால் எதைப் பார்த்துச் செய்வார்கள்? அளவு என்ன, இருக்கை எந்தப் பக்கம் பார்த்து இருந்தது, டிக்கெட் என்ன நிறம்? அங்கேதான் நாம் வருகிறோம்.

காபி நேரத்து வழக்கு

நம் குடியிருப்பிலேயே டிராமில் போனவர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன மாதம் மூவரையும் காபிக்கு அழைத்தேன். சார்ஜ் எவ்வளவு என்று கேட்டேன். பி பிளாக் மாமா, "லஸ்ஸிலேர்ந்து மவுண்ட் ரோடுக்கு அரையணா" என்றார். ஏ பிளாக் மாமி, "எங்கப்பா ஓரணா குடுப்பார், மீதி வந்ததே கிடையாது" என்றார். "குழந்தைகளுக்குத் தனி சார்ஜ் மாமி" என்று சி பிளாக் ஐயா சமாதானம் பண்ணப் பார்த்தார். "நான் என்ன குழந்தையா அப்போ, பாவாடை தாவணி கட்டியாச்சு" என்று மாமி ஒரே போடாகப் போட்டார். வழக்கு இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நாம் சிரிக்கிறோம். ஆனால் ஒரே ஒரு டிக்கெட் இருந்திருந்தால் அந்த வழக்கு ஒரு நொடியில் முடிந்திருக்கும். அருங்காட்சியகம் என்பதன் பயன் இவ்வளவுதான். இருவருடைய ஞாபகம் மோதும்போது நடுவில் வைக்க ஒரு பொருள்.

வழக்குக்கு அப்பாலும் பல விஷயங்கள் வந்தன. பங்குனியில் அறுபத்துமூவர் அன்று கூட்டத்தில் டிராம் ஊர்ந்துகூட நகராது, இறங்கி நடந்துவிடுவோம் என்று மாமி சொன்னார். ஓடும் டிராமிலிருந்து எந்தக் காலை முன்வைத்துக் குதிக்க வேண்டும் என்பதை மாமா எழுந்து நின்று நடித்துக் காட்டினார். அவர் மகளுக்குத்தான் பயம். சி பிளாக் ஐயா ஓட்டைக் காலணாவைத் தண்டவாளத்தில் வைத்து டிராம் ஏறிய பின் தேடி எடுத்த கதையைச் சொன்னார். நசுங்கிய அந்தக் காலணா வெகுநாள் ஒரு டப்பாவில் இருந்ததாம். வீட்டை இடித்துக் கட்டியபோது டப்பா எங்கே போனதோ என்றார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நம்முடைய இந்த அடுக்ககமும் ஒரு பழைய வீடு இருந்த இடத்தில்தான் நிற்கிறது. மயிலாப்பூரிலும் மந்தைவெளியிலும் தி. நகரிலும் மாதத்துக்கு ஒரு வீடாவது இடிகிறது. இடிக்கும் முன் பரணைக் காலி செய்வோம். டிரங்குப் பெட்டியில் இருக்கும் கடிதங்கள், பாஸ், ரசீது, பள்ளிக்கூடப் படங்கள் எல்லாம் கிலோ கணக்கில் பழைய பேப்பர் கடைக்குப் போகும். 1953இல் டிராம் பெட்டிக்கு நடந்தது, இன்றைக்கு டிராமின் காகிதத்துக்கு நம் கையாலேயே நடக்கிறது. அன்று பத்து வயதாக இருந்தவர்கள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். கணக்கு அவ்வளவு எளிமையானது.

மூன்று கோரிக்கைகள்

சங்கத்திடம் மூன்று விஷயங்கள் கேட்கிறேன். பணச் செலவு அநேகமாக இல்லை, பராமரிப்புக் கட்டணம் ஏறாது.

முதலாவது, பதிவு. எண்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருடனும் நம் பிள்ளைகளில் ஒருவர் உட்கார்ந்து அரை மணி நேரம் செல்ஃபோனில் பதிவு செய்யட்டும். "டிராம் எப்படி இருந்தது தாத்தா?" என்று கேட்டால் "நன்னா இருந்தது" என்று பதில் வரும். அதனால் சின்னச் சின்னதாகக் கேளுங்கள். எங்கே ஏறினீர்கள், யாரோடு போனீர்கள், எந்தப் பக்கம் உட்கார்ந்தீர்கள், மழை வந்தால் என்ன செய்தார்கள், நடத்துநர் என்ன சத்தம் கொடுத்தார், இறங்கியதும் முதலில் எந்தக் கடை கண்ணில் படும்? அவர்களை அலுக்கவைக்காதீர்கள், திருத்தவும் செய்யாதீர்கள். அரையணாவும் ஓரணாவும் இரண்டுமே பதிவாகட்டும். வீட்டு வேலைக்கு வருகிறவர்கள், காவலாளி ஐயா, தெருமுனையில் பூ விற்கும் பாட்டி ஆகியோரையும் விடாதீர்கள். டிராமில் ஏறியவர்கள் எல்லோரும் பின்னாளில் ஃபிளாட் வாங்கியவர்கள் இல்லை.

இரண்டாவது, காகிதம். பரணைக் காலி செய்யும் முன் சங்க அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டிக்கெட், சீசன் பாஸ், தெருவில் எடுத்த புகைப்படம் எதுவானாலும் சரி. தெருப் படத்தின் ஓரத்தில் ஒரு கம்பியும் கம்பமும் இருந்தாலே அது டிராமின் சாட்சி. ஸ்கேன் செய்துகொண்டு மூலத்தை உங்களிடமே தந்துவிடுவோம். படத்தின் பின்புறத்தில் ஆண்டையும் இடத்தையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மறுபக்கம் ஊறிவிடும்.

மூன்றாவது, ஒரு கடிதம். லஸ் சுற்றுவட்டாரத்தில் மெட்ரோ வேலை முடிந்ததும் சாலையையும் நடைபாதையையும் புதிதாகப் போட்டாக வேண்டும். அப்போது நடைபாதை ஓரத்தில் பத்தடி நீளத்துக்கு இரண்டு தண்டவாளத் துண்டுகளைத் தரையோடு தரையாகப் பதித்து, பக்கத்தில் ஒரு பலகை வைக்கச் சொல்லி மெட்ரோ நிறுவனத்துக்கும் மாநகராட்சிக்கும் எழுதலாம். பலகையில் இரண்டு வரி போதும்: 1895 முதல் 1953 வரை சென்னையில் மின்சார டிராம் ஓடியது, மயிலாப்பூருக்கும் வந்தது. தமிழில் பெரிதாக, ஆங்கிலத்தில் சிறிதாக. சாலையைத் தோண்டியிருக்கும்போது கேட்டால் இது அரை நாள் வேலை. போட்டு முடித்த பின் கேட்டால் அடுத்த ஐம்பது வருஷத்துக்கு நடக்காது. அதனால்தான் இந்த ஆண்டே என்கிறேன்.

"ஏற்கனவே இருக்கும் டிராஃபிக்கில் இன்னொரு டிராமா?" என்று கேட்டவருக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். டிராமைத் திருப்பிக் கொண்டுவரச் சொல்லவில்லை. பத்தடித் தண்டவாளத்தில் எந்த வண்டியும் வராது, யாருடைய பார்க்கிங்கும் போகாது. அதன் மேல் நின்று ஒரு பிள்ளை, "இது ஏன் இங்கே முடியுது?" என்று கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும்.

கடிதத்தின் நகல் வாசலில் இருக்கும் மேஜையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பதிவு செய்ய விரும்பும் பிள்ளைகள் அங்கேயே பெயர் கொடுக்கலாம். பெரம்பூர் ரயில் அருங்காட்சியகத்துக்குப் பள்ளி விடுமுறையில் ஒரு வேன் ஏற்பாடு செய்வதாகச் செயலாளர் தலையாட்டியிருக்கிறார். நான் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

முன்வரிசையில் இருக்கும் மூவரும் பஜ்ஜிக்குப் பிறகு கொஞ்ச நேரம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்காருங்கள்.